கருடன் ஓடிய ராகு காலம்

சாந்தோம் மாதாகோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. தையல் டீச்சர் கிளாடிஸ் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூடியில்லாத மோட்டாரில் ஏறி வீட்டுக்கு வரப்போகிறாள் என்பதுதான் அது. பேச்சைக் கிளப்பியவள் கிளாடிஸேதான். கான்வென்டில் யாரோ போட்டுவிட்டுப் போன சீமைப் பத்திரிகை ஒன்றில் அவள் ஒரு படம் பார்த்திருந்தாள். திறந்த காரில் ஒரு துரைசானி போகிறாள். அவள் கழுத்தில் கட்டிய துணி பின்னால் காற்றில் பறக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து கிளாடிஸ் புருஷனிடம் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. "அந்த மாதிரி ஒரே ஒரு தடவை காத்துல போகணுங்க" என்று மட்டும் கேட்டிருந்தாள். புருஷன் ஆம்ப்ரோஸ் பங்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நகை என்றால் தவணையில் வாங்கியிருப்பான். காற்றை எந்தக் கடையில் போய்க் கேட்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தக் காற்று அவன் வீட்டு வாசலுக்கே ஜட்கா வண்டியில் வந்து இறங்கியது. வந்தவர் மயிலாப்பூர் வக்கீல் ராவ் பகதூர் ரகுபதி ஐயர், 'சென்னை அதிவேக மோட்டார் அபிமானிகள் சபை'யின் தலைவர். மயிலாப்பூரில் நாலு பேர் ஒரு விஷயத்தில் ஆசை வைத்தால் அடுத்த நாளே அதற்கு ஒரு சபை வந்துவிடும். மோட்டார் மட்டும் என்ன பாவம் செய்தது? சபையின் ஆண்டு விழாவுக்குப் பெரிய துரை ஒருவர் வருகிறாராம். அவருக்கு வாசித்தளிக்க இங்கிலீஷில் ஒரு வரவேற்புப் பத்திரம் வேண்டுமாம்.

"சன்மானம்னு ஏதாவது கொடுத்தா உமக்கு அவமானம்" என்றார் ஐயர். "அதனால விழா முடிஞ்சதும் உம்மையும் உம்ம ஆத்துக்காரியையும் என்னோட கருடன்லயே ஆத்துல கொண்டு விட்டுடறேன்."

கருடன் என்பது அவருடைய கார். சீமையிலிருந்து கப்பலில் வந்த சிவப்பு வண்டி. நெருக்கினால் மூன்று பேர் உட்காரலாம். மணிக்கு நூறு மைல் போகும் என்று கூட வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. இவ்வளவு வேகமான கார் வைத்திருப்பவர் ஏன் ஜட்காவில் வந்தார் என்று ஆம்ப்ரோஸுக்கு லேசாக ஒரு சந்தேகம் எழுந்தது. உள்ளேயிருந்து கிளாடிஸின் வளையல் சத்தம் கேட்டதும் அந்தச் சந்தேகத்தை அப்படியே விழுங்கிவிட்டு, "ரொம்ப சந்தோஷம் சார்" என்றான்.

கிளாடிஸ் அன்றைக்கே நீல வாயில் துணி எடுத்து, ஓரம் மடித்துத் தைத்து, நீளமாக ஒரு கழுத்துத் துணி தயார் செய்தாள். சந்தில் எல்லோருக்கும் காட்டினாள். மீன்காரக் கங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, காருல வர்றச்சே நம்ம தெரு முனையில கொஞ்சம் பாத்து கைய ஆட்டு. எம் பசங்க நம்ப மாட்டேங்குது."

"கண்டிப்பா ஆட்டறேன் கங்கம்மா."

"எங்க வூட்டு ஆளு முனியன்கூட அந்த மோட்டார்காரங்க கூடற பங்களாவுக்குத்தான் போவுது, மாசா மாசம். கார் வேலைன்னு சொல்லுது. இன்னா வேலைய்யான்னு கேட்டா சிரிச்சிக்கினே பூடுது."

எதிர்வீட்டுக்காரி மட்டும், "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தாள். அந்த இழுப்புதான் கிளாடிஸை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் வராமல் காலால் நடந்து அந்தச் சந்துக்குள் நுழைவதைவிடக் கடலில் போய் விழலாம் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

விழா அடையாற்றில், ஆற்றங்கரையை ஒட்டிய தோட்டத்து பங்களாவில். ஆம்ப்ரோஸும் கிளாடிஸும் போய் இறங்கியபோது பந்தலுக்கு அடியில் கார்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம். அபிமானிகள் தோல் கோட்டும் தோல் குல்லாவும் மாட்டி, விபூதிப் பட்டைக்குக் கீழே பெரிய காற்றுக் கண்ணாடியும் அணிந்திருந்தார்கள். சித்திரை வெயிலில் கோட்டுக்குள்ளிருந்து வேர்வை வேட்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை.

"செருப்பை அங்கேயே விடுங்க மிஸ்டர் ஆம்ப்ரோஸ்!" என்று ஓடி வந்தார் சபைக் காரியதரிசி பிலிப். துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மாதாகோயிலில் முதல் வரிசையில் உட்காருபவர். "வண்டிக்கு முன்னாடி செருப்போட நிக்கக் கூடாது. புழுதி."

கிளாடிஸ் கருடனைப் பார்த்ததும் தன்னை மறந்து அதன் முகப்பில் விரலை வைத்துவிட்டாள். பிலிப் மூச்சை இழுத்துப் பிடித்தார். இரண்டு அபிமானிகள் பட்டுத் துணியோடு பாய்ந்து வந்து, அவள் தொட்ட இடத்தைத் துடைத்து, குனிந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியோடு எழுந்தார்கள். கிளாடிஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஆம்ப்ரோஸ் பேச்சை மாற்ற நினைத்து, பக்கத்தில் நின்ற பெரியவரிடம், "உங்க கார் எவ்வளவு வேகம் போகும் சார்?" என்று கேட்டான்.

"எண்பத்தஞ்சு மைல்."

"அடேயப்பா! எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

பெரியவர் காற்றுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோயிலில் மூலவரைக் காட்டி, இவர் இதுவரை எங்கெல்லாம் போயிருக்கிறார் என்று கேட்டவனைப் பார்க்கிற பார்வை அது. தன் காரின் மாலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

துரை வந்தார். மாலை போட்டார்கள். ஆம்ப்ரோஸ் வரவேற்புப் பத்திரத்தை வாசித்தான்; துரை நடுவில் இரண்டு தடவை தலையாட்டினார், ஒரு தடவை கண் அசந்தார். பிறகு பிலிப் ஆண்டறிக்கை வாசிக்க எழுந்தார்.

"கனவான்களே! கடந்த ஆண்டில் நம் அங்கத்தினர் ஒருவருக்கும் ஒரு சிறு விபத்துகூட நேரவில்லை. ஒரு டயர்கூடத் தேயவில்லை. ஒரு பிரேக்குக்குக்கூட வேலை வரவில்லை. இந்த ராஜதானியில் எந்த மோட்டார் சங்கமாவது மார்தட்டி இப்படிச் சொல்ல முடியுமா? இதற்கெல்லாம் காரணம் என்ன? கட்டுப்பாடு! பஸ் ஓடுகிறது, லாரி ஓடுகிறது, சிந்தாதிரிப்பேட்டையில் மூட்டை வண்டிகூட ஓடுகிறது. ஓடுவது பெரிய காரியமா? நூறு மைல் வேகத்தில் ஓடக்கூடிய ஒன்று ஓடாமல் நிற்கிறதே, அங்கேதான் கனவான்களே, நாகரிகம் ஆரம்பிக்கிறது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடுத்ததாக ஒழுங்கு விசாரணை. ஓர் அங்கத்தினர், தியாகராய நகரில் பனகல் பார்க் அருகே தமது காரில் போய்க் கத்திரிக்காய் வாங்கினார் என்று புகார். அவர் எழுந்து, கண் கலங்க, "சத்தியமாய் நான் ஓட்டவில்லை. மாடு கட்டித்தான் போனேன். மாட்டுக்காரனே சாட்சி" என்றார். சபை அவரை மன்னித்தது. ஆனாலும் கத்திரிக்காயைக் காரின் ஆசனத்தில் வைத்தது தவறு என்று ஒரு கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

ஆம்ப்ரோஸ் கிளாடிஸைத் திரும்பிப் பார்த்தான். அவள் நீலத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கருடனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்போது இன்ஜின் கச்சேரி!" என்று பிலிப் அறிவித்தார்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு காரின் இன்ஜினை மட்டும் ஓடவிட்டு எல்லோரும் உட்கார்ந்து கேட்பது சபையின் வழக்கம். இந்த வருஷம் அந்தப் பாக்கியம் கருடனுக்கு. ரகுபதி ஐயர் வெள்ளிச் செம்பில் பெட்ரோல் கொண்டுவந்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். கூலிக்கு வந்திருந்த மெக்கானிக் உள்ளே எதையோ திருகி, முன்னால் வந்து கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். கருடன் உறுமியது. மெக்கானிக் தன் வேலை முடிந்ததென்று டிபன் வாசனை வந்த பக்கமாகப் போய்விட்டான்.

அபிமானிகள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்கள். "ஆஹா, என்ன கார்வை!" என்றார் ஒருவர். "மந்தரத்துல நின்னு விளையாடறது பாருங்கோ" என்றார் இன்னொருவர். ரகுபதி ஐயருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அந்த நீர் மட்டும் உண்மையானது என்று ஆம்ப்ரோஸுக்குத் தோன்றியது. ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

துரைக்கு எல்லாவற்றையும் விளக்கும் பொறுப்பு பிலிப்புடையது. "இதுதான் கியர்" என்று சொல்லி, காட்டுவதோடு நிறுத்தாமல், கம்பியைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தித் தள்ளினார். கறக்கென்று ஒரு சத்தம். கருடன் முன்னால் ஒரு முழம் துள்ளி, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றுவிட்டது. முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. சபையின் சரித்திரத்தில் நசுங்கிய முதல் பழம் அதுதான்.

பிறகு, "முத்தாய்ப்பு பிரமாதம்!" என்று யாரோ கத்த, பந்தல் அதிரக் கைதட்டினார்கள். சத்தம் நின்றால் கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். உள்ளே திருகிவிட்டதை மறுபடி திருக வேண்டும் என்றோ, தள்ளிய கம்பியைப் பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும் என்றோ அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும்படியான சந்தர்ப்பமும் அவர்களுக்கு இதுவரை வாய்த்ததில்லை.

"அடுத்து, ஓட்டம்!" என்றார் பிலிப். எல்லோரும் எழுந்து, குல்லாவை இறுக்கி, கண்ணாடியை இறக்கி, தத்தம் கார்களுக்கு அருகே போய் நின்றார்கள். கிளாடிஸ் நீலத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் ரகுபதி ஐயர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "அடாடா, நாலரை ஆயிடுத்தே! ராகு காலம்!" என்றார்.

"அடாடா!" என்றது சபை முழுவதும். அத்தனை பேரும் கண்ணாடியை மேலே ஏற்றினார்கள். அத்தனை பேர் முகத்திலும் ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். ராகு காலத்தில் புறப்படக்கூடாது. ஆறு மணிக்கு மேல் இருட்டிவிடும்; விளக்குப் போட்டால் பேட்டரி வீணாகும். காலையில் கூடலாமென்றால் வெயிலில் சாயம் வெளுக்கும். சனிக்கிழமை என்றால் பாட்டுக் கச்சேரி இருக்கும். ஆகவே சபை ஞாயிறு மத்தியானமே கூடும். முதலில் பேச்சு, பிறகு ஓட்டம் என்பது விதி. அங்கத்தினர்களில் பாதிப் பேர் வக்கீல்கள். சபை தொடங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பேச்சு நாலரைக்கு முன்னால் முடிந்ததில்லை.

ஆம்ப்ரோஸ் ஐயரிடம் போனான். "சார், எங்களை வீட்டுல கொண்டு விடறதா..."

"சொன்ன வாக்கை மீறுவேனோ? கருடன்லயே போங்கோ. நான் ஏறப்படாது. உங்க மதத்துல ராகு காலம் கிடையாதே. சக்கரத்தை நேரா பிடிச்சுண்டு உக்காருங்கோ, போதும்." பின்புறம் திரும்பி, "முனியா!" என்று குரல் கொடுத்தார்.

கங்கம்மாவின் புருஷன் முனியன் தோளில் வடக்கயிற்றோடு வந்தான். பின்னால் குப்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். கயிற்றைக் கருடனின் முன்பக்கம் கட்டினார்கள்.

"இழுத்துண்டு போனா அது பிரயாணம் ஆகாது" என்று ஐயர் விளக்கினார். "சாமான் நகர்த்தறது. அதுக்கு ராகு காலம் தோஷமில்லை."

முனியன் ஆம்ப்ரோஸைப் பார்த்து இளித்தான். "இன்னா சார் அப்டி பாக்கற? அல்லா வண்டியும் இப்டிதான் வருது, இப்டிதான் போவுது. முன்னெல்லாம் மாடு கட்டிக்கினு இருந்தாங்கோ. மாடு சாணி போடுதாம். அதுக்கோசரம் எங்கள கட்டிக்கினு கீறாங்கோ."

ஆம்ப்ரோஸுக்கு அவமானத்தில் காது எரிந்தது. சந்து முனையில் கங்கம்மா நிற்பாள், அவள் பிள்ளைகள் நிற்பார்கள், எதிர்வீட்டுக்காரி நிற்பாள். அவர்கள் முன்னால், கங்கம்மாவின் புருஷனே கயிறு கட்டி இழுக்க, கிளாடிஸ் வந்து இறங்க வேண்டும். "வா, பின்பக்கமா ஆத்தோரமாவே நடந்து போயிடலாம்" என்று அவள் காதில் சொன்னான்.

கிளாடிஸ் ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "வர்றேன்னு சொல்லிட்டேங்க. காத்து வருதோ இல்லையோ, வண்டியில வர்றேன்னு சொன்னேன். ஏறுங்க" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்ததை அவன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஐயர், பிலிப், மற்ற அபிமானிகள் எல்லோரும் வழியனுப்பக் கருடனுக்குப் பின்னால் ஊர்வலமாக அணிவகுத்து நின்றார்கள். வண்டி அசையவில்லை.

"இன்னாடா இது, நங்கூரம் போட்டா மாரி கீது!" என்றான் முனியன். "போன மாசம் லேசா வந்துச்சே. டேய் லாசரு, மிக்கேலு, வாங்கடா எல்லாரும். வலைய இழுக்கறா மாரி இழுங்கடா!"

இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். "ஏலேலோ... ஐலசா!" என்று கரையில் வலை இழுக்கும் பாட்டோடு இழுத்தார்கள். கருடன் முக்கி முனகிப் பாலத்தின் மேல் ஏறியது. பாலத்தின் மேட்டைத் தாண்டியதும் இறக்கம். கயிறு தொய்ந்தது. சக்கரம் வேகமாக உருண்டு, கியரில் மாட்டியிருந்த இன்ஜினையும் சேர்த்துச் சுற்றியது. உள்ளே ஏதோ ஒரு தும்மல். இன்னொரு தும்மல். பிறகு பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

"ஐயோ, உசுரு வந்துடுச்சிடா!" என்று கத்திக்கொண்டே முனியனும் கூட்டமும் கயிற்றை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குதித்தார்கள்.

ஆம்ப்ரோஸ் பயத்தில் காலை நீட்டி எதையோ மிதித்தான். அவன் மிதித்தது நிறுத்துகிற கட்டையல்ல. கருடன் கயிற்றைப் பின்னால் வால் மாதிரி இழுத்துக்கொண்டு சாந்தோம் ரோட்டில் பறந்தது. எதிரே மாதாகோயில் தெரிந்ததும் ஆம்ப்ரோஸ் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டு மறு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான். சக்கரத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. கிளாடிஸ் எட்டிப் பிடித்துக்கொண்டாள். தையல் மிஷினில் நேர்கோடு போட்டுப் பழகிய கை அது. வண்டி நேர்கோட்டில் போயிற்று. அவள் வாயிலிருந்து முதலில் வந்தது அலறல்தான். அது எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று ஆம்ப்ரோஸ் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

சந்து முனை வந்தது. கங்கம்மா கூடையோடு நின்றிருந்தாள். பிள்ளைகள் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். கிளாடிஸ் ஒரு கையை எடுத்து நன்றாக, தாராளமாக ஆட்டினாள். நீலத் துணி அவள் கழுத்துக்குப் பின்னால் நேராக நின்று படபடத்தது.

"டீச்சரம்மோவ்!" என்ற குரல் பின்னால் தேய்ந்துபோயிற்று. அவர்களால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தத் தெரியவும் இல்லை. கடற்கரைச் சாலையில் கார்ப்பரேஷன் ரேடியோவைக் கேட்கக் கூடியிருந்த ஜனங்கள் ரேடியோவை விட்டுவிட்டு இவர்களைப் பார்த்தார்கள். ஐஸ் ஹவுஸ் அருகில் வெள்ளிச் செம்புப் பெட்ரோல் தீர்ந்தது. கருடன் இரண்டு விக்கல் விக்கி நின்றது.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்" என்றாள் கிளாடிஸ்.

மறுநாள் மாலை சபையின் அவசரக் கூட்டம் நடந்தது. குற்றவாளி என்ற முறையில் ஆம்ப்ரோஸை நிற்க வைத்தார்கள். பிலிப்பின் குரல் தழுதழுத்தது.

"கனவான்களே, இந்த மனிதர் காரைப் போக்குவரத்துக்கு உபயோகித்திருக்கிறார்! சாமானாக நகர வேண்டியதை வாகனமாக்கியிருக்கிறார். பொது ரஸ்தாவில், பொது ஜனங்கள் பார்க்க, ராகு காலத்தில்! டயர்களைப் பரிசோதித்தோம். மண் ஒட்டியிருக்கிறது. முகப்பில் ஒரு வண்டு செத்து ஒட்டியிருக்கிறது. இனி கருடனை அதிவேக மோட்டார் என்று எந்த முகத்தோடு சொல்வோம்? அது ஓடிவிட்டது!"

ஓடிய கார் அதிவேகக் கார் ஆகாது என்று தீர்மானம் நிறைவேறியது. கருடனின் பெயரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். கார் இல்லாதவர் அங்கத்தினராக இருக்க முடியாது என்ற விதிப்படி ரகுபதி ஐயரையும் நீக்கினார்கள். ஐயர் தோல் குல்லாவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, ஆம்ப்ரோஸின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். ஆம்ப்ரோஸுக்கு நல்ல மனுஷனைச் சீரழித்துவிட்டோமே என்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் சந்தில் ஜட்கா வந்து நின்றது. ஐயர்தான். ஆம்ப்ரோஸ் வெலவெலத்துப்போய் ஓடினான். "சார், மன்னிச்சுக்கணும், நான் வேணும்னு..."

ஐயர் அவனை விலக்கிவிட்டு உள்ளே வந்தார். கிளாடிஸ் எழுந்து நின்றாள். அவர் கூடத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். ஆணியில் தொங்கிய நீலத் துணியைப் பார்த்தார். கோர்ட்டையே நடுங்க வைக்கும் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏம்மா... காத்து எப்படி இருந்துது?"

கிளாடிஸ் அவரைப் பார்த்தாள். "கண்ணைத் திறக்க முடியலை சார். மூட மனசும் வரலை. அப்படி இருந்துச்சு."

ஐயர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "வாங்கி ஆறு வருஷமாறது" என்றார். "ஒரு நாள்கூட அதுல..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கும் ஒரு தரம்... நீயே பிடிச்சுக்கோம்மா, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். முனியனை வரச் சொல்லுங்கோ, அவா பாட்டுப் பாடி இழுத்தாத்தான் அது கிளம்பறது போலிருக்கு. இந்தத் தடவை ரெண்டு செம்பா ஊத்தறேன்" என்றார்.

கிளாடிஸ் அவருடைய குடுமியை ஒரு பார்வை பார்த்தாள். ஆணியிலிருந்து நீலத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "தலையைச் சுத்தி இறுக்கிக் கட்டிக்குங்க சார். இல்லாட்டி அவிழ்ந்துடும்."

"எப்போ சார் வரணும்?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

ஐயர் துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டார். வாசல்வரை போய், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை, நாலரை அடிச்சப்புறம். அப்போதான் சபைக்காரா ஒருத்தரும் ரோட்டுல தலை காட்ட மாட்டா."